பென்கியூ டபிள்யூ1070 புரொஜெக்டர்: படம் கட்டம் கட்டமாக உடைவது எங்கே?

படம் கட்டம் கட்டமாகத் தெரிகிறது என்றால், புரொஜெக்டரைக் குறை சொல்வதற்கு முன் ஒரு ஸ்கேலை எடுத்துக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் போங்கள். படத்தை ஓரிடத்தில் நிறுத்தி, கண்ணில் படும் கட்டம் ஒன்றின் அகலத்தை அளந்து பாருங்கள். பாதி விடை அந்த அளவிலேயே கிடைத்துவிடும்.

கணக்கு இதுதான். மூலைக்கு மூலை 100 அங்குலம் உள்ள 16:9 அகலத்திரையின் அகலம் 221 செ.மீ. இருக்கும். டபிள்யூ1070 அந்த 221 செ.மீ.க்குள் 1920 பிக்சல்களை அடுக்குகிறது. ஒரு பிக்சல் 1.15 மி.மீ. அளந்தது ஒரு மில்லிமீட்டர் சொச்சம் என்றால் நீங்கள் பார்ப்பது புரொஜெக்டரின் சொந்தப் பிக்சல். அதுவே ஒரு செ.மீ., இரண்டு செ.மீ., ஐந்து செ.மீ. என்று வந்தால் அந்தக் கட்டம் புரொஜெக்டருக்குள் பிறந்ததில்லை. வீடியோவைச் சுருக்கியபோதே விழுந்துவிட்டது.

ஹெச்.264 போன்ற வீடியோச் சுருக்க முறைகள் படத்தை 16க்கு 16 பிக்சல் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் 8க்கு 8 அல்லது 4க்கு 4 என்று மேலும் பிரித்துச் சுருக்குகின்றன. பிட்ரேட், அதாவது நொடிக்கு ஒதுக்கிய தகவல் அளவு, போதாமல் போனால் துண்டுக்குள் இருக்கும் நுண்விவரம்தான் முதலில் பலியாகும். அடுத்தடுத்த துண்டுகளின் நிறம் ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்க, விளிம்பு கோடாகத் தெரியும். 100 அங்குலத்தில் 1080பி வீடியோவின் (1920க்கு 1080 பிக்சல்) கட்டம் 0.9 அல்லது 1.8 செ.மீ. அகலம் வரும். 720பி (1280க்கு 720) என்றால் 1.4 அல்லது 2.8. பக்கவாட்டில் 720 பிக்சல் கொண்ட எஸ்டி (சாதாரணத் தரம்) சேனலைத் திரை முழுக்க நீட்டினால் 2.5 அல்லது 4.9 செ.மீ. ஆக, ஸ்கேலை வைத்தே உள்ளே வரும் வீடியோ எந்த ரகம் என்று ஏறக்குறைய சொல்லிவிடலாம். ஹெச்.264க்குப் பின் வந்த ஹெச்இவிசி முறையில் சுருக்கிய வீடியோவில் மட்டும் துண்டின் அளவு 64 பிக்சல் வரை மாறிக்கொண்டே இருக்கும். அங்கே இந்தக் கணக்கு இவ்வளவு கச்சிதமாக நிற்காது.

இந்த விமர்சனத்துக்கு டபிள்யூ1070ஐ எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. 2012 இறுதியில் வந்த மாடல். உற்பத்தி எப்போதோ நின்றுவிட்டது. ஆனாலும் பழைய பொருளாகக் கைமாறி இன்னும் பல வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. 0.65 அங்குல டிஎல்பி சிப், அதில் பிக்சலுக்கு ஒன்றாக 1920க்கு 1080 என்று சுமார் 20.7 லட்சம் நுண்கண்ணாடிகள். 2000 லூமென் வெளிச்சம், 240 வாட் விளக்கு, ஆறு பகுதி கொண்ட நிறச்சக்கரம், இரண்டு எச்டிஎம்ஐ 1.4 துளைகள். 1.3 மடங்கு ஜூம் இருப்பதால் 3 மீட்டர் தொலைவிலிருந்து 90 அங்குலம் முதல் சுமார் 118 அங்குலம் வரை படம் போடலாம். நம் வீட்டு ஹாலுக்கு இது வசதியான கணக்கு.

இதன் 1080பி என்பது உண்மையான 1080பி. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆன்லைனில் சில ஆயிரம் ரூபாய்க்கு விற்கும் சிறிய எல்இடி புரொஜெக்டர்களின் பெட்டியில் '1080பி சப்போர்ட்', '4கே சப்போர்ட்' என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அந்த ரெசல்யூஷனில் வரும் சிக்னலை அது வாங்கிக்கொள்ளும் என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. விவரப் பட்டியலில் 'நேட்டிவ் ரெசல்யூஷன்', அதாவது புரொஜெக்டரின் சொந்தப் பிக்சல் கணக்கு, என்ற வரியைத் தேடுங்கள். 800க்கு 480 என்று இருந்தால் 100 அங்குலத்தில் ஒரு பிக்சல் 2.8 மி.மீ. நல்ல பார்வை உள்ளவர்கள் பத்தடி தூரத்தில் 0.9 மி.மீ. வரை பிரித்துப் பார்ப்பார்கள், 2.8 மி.மீ. கொசுவலை போலத் தெரியும். அதற்கு வைத்தியம் கிடையாது. டபிள்யூ1070இன் 1.15 மி.மீ. பிக்சல் 13 அடிக்கு அப்பால் கண்ணில் கரைந்துவிடும். டிஎல்பி சிப்பில் கண்ணாடிகளுக்கு நடுவே இடைவெளி மிகவும் குறைவு என்பதால் பத்தடியில் உட்கார்ந்தாலும் வலை உறுத்தாது.

எனவே இந்தப் புரொஜெக்டரில் கட்டம் தெரிந்தால், பெரும்பாலும் உள்ளே வரும் சிக்னலைத்தான் பிடித்து விசாரிக்க வேண்டும். 32 அங்குல டிவியில் அதே சேனலின் கட்டம் 16 மி.மீ.தான், பத்தடி தள்ளி உட்கார்ந்தால் யாரும் கவனிப்பதில்லை. திரை மூன்று மடங்கு ஆனதும் கட்டமும் மூன்று மடங்கு ஆகிறது. 'டிவியில நல்லா இருந்துச்சே' என்ற புகாருக்கு இதுவே விளக்கம். இந்த நிலையில் லட்சங்கள் போட்டு 4கே புரொஜெக்டர் வாங்கினாலும் எஸ்டி சேனலின் 4.9 செ.மீ. கட்டம் அதே 4.9 செ.மீ.யாகவே சுவரில் இருக்கும்.

முதலில் மெனுவில் இன்ஃபர்மேஷன் பக்கத்தைத் திறந்து, என்ன ரெசல்யூஷன் வருகிறது என்று பாருங்கள். 1080பி அல்லது 1080ஐ என்று இருக்க வேண்டும். 576, 480, 720 என்று இருந்தால் முன்னால் இருக்கும் பெட்டியிலேயே தப்பு. செட்டாப் பாக்ஸோ ஸ்டிக்கோ முதலில் உயிர் பெற்று, புரொஜெக்டர் பிறகு எழுந்தால், எதிரில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாமல் அது தாழ்ந்த ரெசல்யூஷனில் நின்றுவிடுவது உண்டு. விளக்கு சூடாகிப் படம் வர நேரம் எடுக்கும் புரொஜெக்டர்களில் இது அடிக்கடி நடக்கும். புரொஜெக்டரை முதலில் போட்டு, நீலத் திரை வந்தபிறகு பெட்டியைப் போடுங்கள். பெட்டியின் அமைப்பில் 'ஆட்டோ' என்பதை விட்டு 1080 என்று நிலையாக வைத்துவிட்டால் இந்தத் தொல்லை தீரும்.

டிடிஎச் பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது இரண்டு வேறு நோய்களை. ஒன்று, படம் வேகமாக ஓடும்போதும், தீ, தண்ணீர், பூமாரி, இருட்டுக் காட்சி வரும்போதும் மட்டும் கட்டம் விழுந்து, காட்சி அமைதியானதும் மறைவது. ஒலி சுத்தமாக இருக்கும். இது சேனலின் பிட்ரேட் பஞ்சம். உங்கள் வீட்டில் எதைத் திருகினாலும் சரியாகாது. அந்தச் சேனலின் எச்டி வடிவம் இருந்தால் அதை எடுப்பதுதான் வழி. எச்டி பாக்ஸ் வைத்திருந்தும் எஸ்டி சேனல் எண்ணிலேயே பார்த்துக்கொண்டிருக்கும் வீடுகள் ஏராளம். எச்டிக்குத் தனி எண், பெரும்பாலும் தனிக் கட்டணம். பெட்டியின் பின்னால் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஏவி வயரில் இணைத்திருந்தாலும் எச்டி கிடைக்காது. எச்டிஎம்ஐயில் மாற்றுங்கள்.

இன்னொன்று, பச்சையும் ஊதாவுமாகக் கண்ட இடத்தில் கட்டங்கள் சிதறி, படம் உறைந்து, ஒலியும் வெட்டிவெட்டி வருவது. இது சிக்னல் உடைவது. டிடிஎச் ஒளிபரப்பு வரும் கேயூ பேண்ட் அலைகளை மழை விழுங்கும். ஐப்பசி அடைமழையில் பத்து நிமிடம் போய்த் திரும்பி வந்தால் கவலை இல்லை. வெயில் நாளிலும் உடைந்தால் பாக்ஸ் மெனுவில் சிக்னல் பக்கத்துக்குப் போங்கள். அங்கே ஸ்ட்ரென்த், குவாலிட்டி என்று இரண்டு பட்டைகள் இருக்கும். ஸ்ட்ரென்த் நிறைந்திருக்க, குவாலிட்டி ஆடிக்கொண்டே இருந்தால் டிஷ் லேசாகத் திரும்பியிருக்கலாம். அல்லது இணைப்பில் தண்ணீர் இறங்கியிருக்கலாம்.

கனெக்டரை நீங்களே பார்க்கலாம். முதலில் பாக்ஸின் மின்சாரத்தை நிறுத்துங்கள். டிஷ்ஷிலிருந்து வரும் வயரிலேயே எல்என்பிக்கு (டிஷ்ஷின் முன்னால் இருக்கும் சிக்னல் வாங்கிக்கு) 13 அல்லது 18 வோல்ட் போகிறது. பெட்டி ஓடும்போது நடுக்கம்பி வெளியுறையில் பட்டால் பாக்ஸ் பழுதாகும். எல்என்பி முனையில் எஃப் கனெக்டரைக் கழற்றி நடுச் செம்புக் கம்பியைப் பாருங்கள். கறுத்தோ பச்சை பூத்தோ இருந்தால் வயரை இரண்டு மூன்று செ.மீ. வெட்டி, புது கனெக்டர் போட்டு, நடுக்கம்பி கனெக்டரின் விளிம்பைத் தாண்டி 3 மி.மீ. நீட்டியிருக்கும்படி வைத்து முறுக்குங்கள். மேலே ரப்பர் உறை போடுங்கள். வெட்டிய இடத்திலும் செம்பு கறுப்பாக இருந்தால் ஈரம் வயருக்குள்ளேயே ஏறிவிட்டது. ஆர்ஜி6 வயரைப் புதிதாக இழுப்பதுதான் சரி. புரொஜெக்டர் அறைக்கென்று நடுவில் ஸ்பிளிட்டர் வைத்திருந்தால் அதைத் தற்காலிகமாக எடுத்துவிட்டு நேராக இணைத்துப் பாருங்கள். டிஷ்ஷைத் திருப்பும் வேலையை மட்டும் சிக்னல் மீட்டர் வைத்திருக்கும் ஆளிடம் விட்டுவிடுங்கள்.

எச்டி சேனல்கள் இங்கே 1080ஐ வடிவில், நொடிக்கு 50 அரைப்படங்களாக வருகின்றன. அவற்றை முழுப்படமாகக் கோக்கும் வேலையைப் பாக்ஸும் செய்யலாம், புரொஜெக்டரும் செய்யலாம். எது நன்றாகச் செய்கிறது என்று அறிய, செய்திச் சேனலின் அடியில் ஓடும் எழுத்தைப் பாருங்கள். பாக்ஸை 1080ஐ, 1080பி என்று மாற்றி மாற்றி வைத்து, எழுத்தின் ஓரம் சீப்புப் பல் போல இல்லாத பக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்ட்ரீமிங்கில் சிக்கல் வேறு விதம். நெட்ஃபிளிக்ஸில் மொபைல் திட்டம் 480பி, பேசிக் 720பி, ஸ்டாண்டர்ட் 1080பி, பிரீமியம் 4கே. பேசிக் திட்டத்தை வைத்துக்கொண்டு 100 அங்குலத்தில் 1080பி எதிர்பார்க்க முடியாது. நெட்ஃபிளிக்ஸ் 1080பிக்கு 5 எம்பிபிஎஸ் வேகத்தைப் பரிந்துரைக்கிறது, 4கேக்கு 15. உங்கள் இணைப்பு 100 எம்பிபிஎஸ்ஸாக இருந்தும் கட்டம் வந்தால் வைஃபையைச் சந்தேகியுங்கள். மேற்கூரையில் தொங்கும் புரொஜெக்டரின் பின்னால் நேராகச் செருகிய ஸ்டிக், சூட்டிலும் மறைவிலும் இருக்கிறது. கூடவே வந்த சிறு எச்டிஎம்ஐ நீட்சியைப் போட்டு வெளியே தொங்கவிடுங்கள், 2.4 கிகாஹெர்ட்ஸை விட்டு 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். டபிள்யூ1070இன் பின்புறம் இருக்கும் மினி யுஎஸ்பி துளை சர்வீஸுக்கானது. ஸ்டிக்குக்கு அதிலிருந்து மின்சாரம் கிடைக்காது. அதன் சொந்த அடாப்டரையே பயன்படுத்துங்கள்.

ஊகத்தில் அலையாமல் எண்ணைப் பார்ப்பது நல்லது. யூடியூபில் 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' என்ற தேர்வைப் போட்டால் ஓடும் ரெசல்யூஷன் தெரியும். ஃபயர் டிவி ஸ்டிக்கில் ரிமோட்டின் நடுப் பொத்தானையும் கீழ்ப் பொத்தானையும் சேர்த்து ஐந்து நொடி அழுத்தி, பிறகு மூன்று கோடு உள்ள மெனு பொத்தானைத் தட்டினால் டெவலப்பர் டூல்ஸ் திறக்கும். அதில் சிஸ்டம் எக்ஸ்ரே, அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் இரண்டையும் போட்டுவிட்டுப் படத்தை ஓட்டுங்கள். வீடியோவின் ரெசல்யூஷன், விடுபட்ட ஃபிரேம்கள் எல்லாம் ஓரத்தில் ஓடும். திரைக்கு 1080பி போய்க்கொண்டிருக்க, வீடியோ மட்டும் 960க்கு 540 என்று காட்டினால் உங்கள் கேள்விக்குப் பதில் வந்துவிட்டது.

உள்ளேயே ஆண்ட்ராய்டு வைத்த மலிவுப் புரொஜெக்டர்களில் இன்னொரு கண்ணி உண்டு. வீடியோ நகலெடுப்பதைத் தடுக்கும் வைட்வைன் முறையின் மேல்நிலையான எல்1 சான்று இல்லாமல், கீழ்நிலையான எல்3 மட்டும் இருந்தால் நெட்ஃபிளிக்ஸ், பிரைம் போன்ற சேவைகள் எஸ்டி தரத்துக்கு மேல் தராது. இணைய வேகம் எவ்வளவு இருந்தாலும் பயனில்லை. டபிள்யூ1070இல் அப்படி எதுவுமே இல்லை; ஸ்மார்ட் வசதி இல்லாதது இங்கே குறையாகத் தோன்றவில்லை. சான்றுள்ள ஸ்டிக் ஒன்றைச் செருகிக்கொள்ளலாம், அது பழசானால் அதை மட்டும் மாற்றலாம். 4கே வீடியோ கேட்கும் நகல்தடுப்பு முறையான எச்டிசிபி 2.2 இல்லாததால் 4கே கிடைக்காது. 1080பிக்கு அதனால் தடை வராது.

பென் டிரைவில் வரும் கோப்புகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டரை மணி நேரப் படத்தை 700 எம்பிக்குள் அடைத்திருந்தால், ஒலியையும் சேர்த்து நொடிக்கு 0.62 மெகாபிட்தான். ப்ளூரே வட்டில் வீடியோவுக்கு மட்டும் 40 வரை இடம் உண்டு. 0.62ஐ வைத்து 100 அங்குலத்தை நிரப்ப எந்தப் புரொஜெக்டராலும் ஆகாது. கல்யாண வீடியோவில் நடப்பது இன்னும் வருத்தமானது. எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் செய்த பென் டிரைவ் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பை ஏற்காது. அதற்குள் அடக்க வேண்டுமென்று வீடியோக்காரர் அழுத்திச் சுருக்கிக் கொடுத்துவிடுகிறார். எக்ஸ்ஃபேட் பென் டிரைவைக் கொடுத்து, சுருக்காத கோப்பைக் கேட்டு வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவாக வந்தது ஏற்கெனவே சுருங்கியது; மூலக் கோப்பை டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். பழைய விசிடியில் அகலம் 352 பிக்சல்தான், 4:3 வடிவில் அதன் பெரிய கட்டம் 7.5 செ.மீ. வரும். அதைப் பார்க்க ஜூமைக் குறைத்து 90 அங்குலத்துக்கு வாருங்கள், நாற்காலியைப் பின்னால் தள்ளுங்கள். போதும்.

இனி புரொஜெக்டரின் பங்கு. டபிள்யூ1070இல் கட்டத்தைப் பெரிதாக்கிக் காட்டும் அமைப்புகள் உண்டு. பழைய பொருளாக வாங்கியவர்கள் முதலில் எல்லாவற்றையும் ரீசெட் செய்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

மிக முக்கியமானது கறுப்பின் அளவு. வீடியோவில் கறுப்பு 16, வெள்ளை 235 என்று வரும். கணினியில் 0 முதல் 255. பெட்டி வீடியோ கணக்கில் அனுப்பி, புரொஜெக்டர் அதைக் கணினிக் கணக்கில் புரிந்துகொண்டால், கறுப்பு சாம்பலாகிவிடும். இருட்டுக்குள் ஒளிந்திருக்க வேண்டிய சுருக்கக் கட்டங்கள் அத்தனையும் மேலே வந்து மிதக்கும். எச்டிஎம்ஐ ஃபார்மட்டில் வீடியோ சிக்னல், பிசி சிக்னல் என்று மாற்றிப் பார்த்து, படத்தின் மேலும் கீழும் வரும் கறுப்புப் பட்டை எதில் ஆழமாக இருக்கிறதோ, அதே சமயம் கறுப்புச் சட்டையின் மடிப்பும் எதில் தெரிகிறதோ அதை வையுங்கள். பிறகு பிரைட்னெஸ். சோதனைப் படத்தில் 17ஆம் எண் பட்டை மங்கலாகத் தெரிந்து, 16ஆம் பட்டை மறைய வேண்டும். இருட்டுக் காட்சியில் கட்டம் அடிக்கிறது என்ற புகார்களில் கணிசமானவை இந்த ஒரு திருத்தத்திலேயே அடங்கிவிடும். பிரகாசத்தைக் கூட்டிக் காட்டும் படமுறையை விட்டுச் சினிமா முறைக்கு வருவதும் இதே காரணத்துக்காகத்தான்.

ஷார்ப்னெஸ் கூடினால் கட்டத்தின் ஓரத்தையும் அது உண்மையான விளிம்பு என்று நினைத்துக் கூர்மையாக்கும். எழுத்தைச் சுற்றி வெள்ளை நிழல் மறையும் வரை குறையுங்கள்.

மூன்றாவது கீஸ்டோன். சரிந்த படத்தை நேராக்க, 1920க்கு 1080 பிக்சலையும் அது குறுக்கி மறுபடி வரைகிறது. நேர்க்கோடு படிக்கட்டாக உடையும். லேப்டாப்பை 1920க்கு 1080இல் வைத்து, ஒரு பிக்சல் கறுப்பு, ஒரு பிக்சல் வெள்ளை என்று மாறிவரும் சதுரங்கப் படத்தை முழுத்திரையில் போடுங்கள். சமமான சாம்பலாகத் தெரிந்தால் பிக்சலுக்குப் பிக்சல் சரி. அலை அலையாகப் பட்டை தெரிந்தால் கீஸ்டோனோ, படத்தின் ஓரத்தை வெட்டிப் பெரிதாக்கும் ஓவர்ஸ்கேனோ ஒளிந்திருக்கிறது, இரண்டையும் பூஜ்யமாக்குங்கள். படத்தை ஏற்றி இறக்க இந்த மாடலில் லென்ஸ் ஷிஃப்ட் இருக்கிறது. லென்ஸுக்குப் பக்கத்தில் உள்ள திருகை ஸ்க்ரூ டிரைவரால் மெதுவாகத் திருப்பினால் படம் மேலும் கீழும் நகரும், ஒரு பிக்சலும் கெடாது. நகரும் தூரம் குறைவுதான். ஆகவே ஸ்டாண்டை மாட்டும்போதே அளந்து மாட்டுவது உங்கள் பொறுப்பு. விலைக்கு இது பெரிய வசதி. சேர்த்துக் கொடுத்ததற்காகவே பென்கியூவைப் பாராட்டலாம்.

கட்டம் என்று தவறாக நினைக்கப்படும் வேறு சிலவும் உண்டு. மினுக்கும் வெள்ளைப் புள்ளிகள், நொடிப்பொழுது கறுத்துப் போகும் படம் என்றால் எச்டிஎம்ஐ கேபிள். 1080பி 60 சிக்னலுக்கு 4.46 ஜிபிபிஎஸ் தேவை. பத்து மீட்டருக்கு மேல் போகும் சாதாரணக் கேபிள் தடுமாறலாம். அந்த நீளத்துக்கு ஆப்டிகல் எச்டிஎம்ஐ வாங்குங்கள், அதில் 'சோர்ஸ்', 'டிஸ்பிளே' முனைகளை மாற்றிச் செருகிவிடாதீர்கள். கேபிள் கோளாறு செ.மீ. கணக்கில் சதுரக் கட்டங்களைப் போடாது. எந்த இன்புட்டிலும், மெனு மேலேயும் அதே இடத்தில் அசையாமல் நிற்கும் வெள்ளைப் புள்ளி என்றால் டிஎல்பி சிப்பில் கண்ணாடி மாட்டிக்கொண்டுவிட்டது. பழைய பொருள் வாங்கும்போது முழுக் கறுப்புப் படம் ஒன்றைப் போட்டு இதைக் கட்டாயம் பாருங்கள். நெருங்கிப் பார்த்தால் இருட்டில் எறும்பு ஊர்வது போன்ற துகள், டிஎல்பி மங்கிய நிறங்களை உருவாக்கும் விதத்தால் வருவது, எட்டடியில் மறையும்.

இன்று இதை வாங்கலாமா? வெள்ளைப் புள்ளி இல்லாமல், விளக்கு நேரம் தெளிவாகத் தெரிந்து, விற்பவர் தம் வீட்டிலேயே ஓட்டிக் காட்டினால், வாங்கலாம். விளக்கின் ஆயுள் சாதாரண முறையில் 3500 மணி, எகானமியில் 5000, ஸ்மார்ட்எகோவில் 6000 என்பது நிறுவனக் கணக்கு. மாற்று விளக்கின் எண் 5ஜே.ஜே7எல்05.001. அதன் விலையை முதலில் விசாரித்து, புரொஜெக்டரின் விலையோடு கூட்டிப் பார்த்துப் பேரம் பேசுங்கள். பகலில் திரைச்சீலை போடாமல் பார்ப்பவர்களுக்கு 2000 லூமென் போதாது. அவர்கள் வேறு பார்க்கட்டும்.

ஏற்கெனவே வீட்டில் வைத்திருந்து, படம் கட்டம் அடிக்கிறதே என்று விற்க நினைப்பவர்கள், நல்ல ப்ளூரே வட்டு ஒன்றையோ 1080பி திட்டத்தில் ஓடும் படம் ஒன்றையோ கீஸ்டோன் பூஜ்யத்தில் வைத்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அதில் கட்டம் இல்லையென்றால் புரொஜெக்டரை விற்காதீர்கள். செட்டாப் பாக்ஸில் எச்டி சேனலைச் சேருங்கள்.